சம்மதக்கல்

எங்கள் ஊரில் மௌனம் கல்லாக விழத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு, தணிகைவேல் வீட்டுத் தோசைக்கல்லின் மேல். வெள்ளையாக, வழவழப்பாக, தொட்டால் சில்லென்று இருக்கும் எதைப் பார்த்தாலும், பீங்கான் சூளைகள் நிறைந்த எங்கள் விருத்தாசலத்துக்காரர்களுக்குப் பீங்கான் என்றுதான் தோன்றும் என்பதால், தணிகைவேலின் மனைவி அதைத் தோசைத் திருப்பியால் ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த தோசையை ஊற்றினாள். ஊற்றிய மாவு சொய்யென்று சத்தம் போடவில்லை, வெந்தபோதும் போடவில்லை, அடுப்பே அணைந்துவிட்டதோ என்று அவள் கையை வைத்துப் பார்த்துச் சுட்டுக்கொண்டாள், சுட்டுக்கொண்டு அவள் போட்ட கத்தலும் யாருக்கும் கேட்கவில்லை.

பாலிடெக்னிக்கில் கணினி சொல்லிக்கொடுக்கும் தணிகைவேல் எட்டு வருடங்களுக்கு முன்னால் இன்னும் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டயர் கடை மாடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, 'வாசிப்பான்' என்றொரு மென்பொருளை எழுதியவர். கைப்பேசியில் வரும் தமிழைக் கண் தெரியாதவர்களுக்கு உரக்கப் படித்துச் சொல்லும் மென்பொருள் அது. எழுதியவர்களுக்குச் சம்பளம் கிடையாது, எடுத்துக்கொள்பவர்களுக்கு விலை கிடையாது, உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், தெரிந்தவர் திருத்தலாம். அதற்குக் குரல் கொடுத்தவர் குணசுந்தரி டீச்சர். குழுவின் பொருளாளரும் அவர்தான், பள்ளிக்கூடத்தில் அவர் எடுப்பது கணக்குப் பாடம், ஆனால் பாருங்கள், வாசிப்பானுக்கு எண்கள் மட்டும் வராது. சொற்களையெல்லாம் பதிவு செய்து முடித்து எண்களுக்கு வந்த அன்றைக்கு மாசி மகம் தொடங்கி ஊரெல்லாம் ஒலிபெருக்கி கட்டிவிட்டார்கள். எண்களை அப்புறம் பார்க்கலாம் என்று மைக்கை மூடி வைத்தார்கள், எட்டு வருடமாக அப்புறம் வரவில்லை.

செலவுக்கு அவர்களிடம் ஒரே ஒரு விதி இருந்தது, தணிகைவேல் எழுதியது. செலவு செய்ய நினைப்பவர் குழுவின் மின்னஞ்சல் பட்டியலுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், மூன்று நாளைக்குள் யாரும் மறுக்காவிட்டால் எல்லோரும் சம்மதித்ததாகப் பொருள். கையில் காசே இல்லாத வரைக்கும் அதைப்போல ஒரு நல்ல விதி உலகத்தில் கிடையாது. கடல் தாண்டி இருந்த ஓர் அறக்கட்டளை வாசிப்பானைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பன்னிரண்டு லட்சம் அனுப்பிய பிறகுதான், அதைச் செலவு செய்ய அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்ற கேள்வி வந்தது. தணிகைவேல் தன்னிடம் இல்லை, குழுவிடம் இருக்கிறது என்றார். குழு என்றால் யார் என்று கேட்டால், குழுவில் ஒருவனான அமலநாதன் குணசுந்தரியைக் காட்டினான், குணசுந்தரி தணிகைவேலைக் காட்டினார், மற்ற எட்டுப் பேரும் அந்த வாரம் ஊரில் இல்லை. தணிகைவேல் பெருமூச்சு விட்டு, இணைய முகவரிக்கு ஆண்டு வாடகை கட்ட வேண்டும் என்று பட்டியலுக்கு ஒரு கடிதம் எழுதினார். சனிக்கிழமை எட்டேகாலுக்கு அனுப்பினார். யாரும் எதுவும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை எட்டேகாலுக்குக் கல் விழுந்தது.

குணசுந்தரி அந்தக் கல்லையும் காசோலையையும் கைப்பையில் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனார்.

"தீர்மான நகல் எங்கம்மா?" என்றார் மேலாளர்.

"தீர்மானம்னு ஒண்ணும் இல்லீங்க சார். யாரும் வேணாம்னு சொல்லல."

"யாரு வேணும்னு சொன்னது?"

"அதையும் யாரும் சொல்லல."

இப்படியெல்லாம் பணம் தர முடியாது என்று சொல்வதற்காக மேலாளர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் குணசுந்தரி பேனா தேடுவதற்காகக் கல்லை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தார். மேலாளரின் உதடுகள் நெடுநேரம் அசைந்தன, ஒரு கட்டத்தில் மேஜையைக்கூடத் தட்டினார், எதுவும் கேட்கவில்லை. கடைசியில் அவர் நேர்மையானவர் என்பதால், 'ஆட்சேபணை ஏதும் கேட்கப்படவில்லை' என்று கோப்பில் எழுதி, கல்லின் மேல் வங்கியின் நீல முத்திரையைக் குத்தி, அதைக் காகிதம் பறக்காமல் இருக்கத் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து கல் இருந்தால் பணம் உண்டு, இல்லையென்றால் இல்லை.

கல் எப்படி விழும் என்று தெரிந்துவிட்ட பிறகு அதை விழவைக்க வழி தேடுவது மனித இயற்கை. பொங்கல் விடுமுறைக்கு முந்தின மாலை அனுப்பிய கடிதங்களுக்கு எந்தத் தடங்கலும் இல்லாமல் கல் விழுந்தது. கிரிக்கெட் இறுதிப் போட்டி நடக்கும்போது அனுப்பியவற்றுக்கும் விழுந்தது. இந்த வித்தையில் அமலநாதன்தான் மன்னன். 'எழுத்துருக் கோப்புகளின் பெயரிடல் முறை குறித்த ஒரு சிறு விளக்கம்' என்று தலைப்பிட்டு, பதினாறு பத்திக்கு நீட்டி, பதினான்காவது பத்தியின் நடுவில் 'மேற்படி பணியை அமர்ந்து செய்ய ஒரு சுழல் நாற்காலி' என்று அவன் எழுதிய கடிதத்தை அநேகமாக ஒருவரும் மூன்றாம் பத்தியைத் தாண்டிப் படிக்கவில்லை. அவனைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஏசி வந்தது. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வந்தது. பதினொரு பேர் இருக்கிற குழுவுக்கு ஆயிரம் டி-ஷர்ட் வந்தது. தப்பித்தவறி முழுசாகப் படித்துவிட்டவரும், நாளைக்கு நம் கடிதத்துக்கு இவன் மறுப்புச் சொல்லிவிடுவானே என்று வாயை மூடிக்கொண்டார். பன்னிரண்டு லட்சத்தை யாரும் திருடவில்லை, யாரும் கொடுக்கவுமில்லை, ஆனாலும் அது போய்க்கொண்டே இருந்தது.

பணத்தைவிடக் கல்தான் எங்கள் ஊருக்குப் பிடித்துப்போனது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சூளையில் முப்பது வருடம் நின்றவர்கள் உரசிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, இது நம்ம ஊரு மண்ணு இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அதோடு ஆராய்ச்சி முடிந்தது. சுற்றி ஒரு முழத்துக்குள் வருகிற சத்தத்தையெல்லாம் அது தின்றுவிடும் என்று தெரிந்ததும், முத்திரை குத்திய கற்களை ஆளுக்கொன்றாகக் கேட்டு வாங்கிப்போனார்கள். பிள்ளைத் தொட்டிலுக்கு அடியில் வைத்தார்கள். மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். எட்டாம் வகுப்பு 'பி' பிரிவின் கடைசி பெஞ்சில் தலைமையாசிரியர் ஒன்றை வைத்தார். கல்யாண மண்டபத்துக்காரர் இரண்டை வாங்கி, கோபித்துக்கொள்ளும் சித்தப்பாக்களின் நாற்காலிக்கு அடியில் வைக்க முகூர்த்தத்துக்கு இருநூறு ரூபாய் என்று வாடகைக்கு விட்டார். சம்மதக்கல் என்று பெயரும் வைத்தாயிற்று. செலவுகளை முடிவு செய்பவர் யார், பெயர் தெரிவிக்கவும் என்று அறக்கட்டளை ஒரு கடிதம் எழுதியது. அதற்கும் யாரும் பதில் போடாததால், கடலுக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய கண்ணாடி மேஜை உடையும்படி ஒரு கல் விழுந்ததாம். தங்கள் ஒப்புதலுக்கு நன்றி என்று அவர்கள் மறுபடியும் எழுதினார்கள்.

இதெல்லாம் இப்படி நடந்துகொண்டிருக்க, ஊரிலேயே பெரிய கற்கள் விழுந்தது விருத்தாம்பாள் வீட்டில்.

விருத்தாம்பாளுக்கு முப்பத்து நான்கு வயது. சர்க்கரை வியாதியில் மூன்று வருடத்துக்கு முன்னால் பார்வை போனது, போனாலும் பீங்கான் கம்பெனியில் தொலைபேசி எடுக்கும் வேலையை அவள் விடவில்லை. தினம் காலையில் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்னக் கருவியில் வைப்பாள், கருவி கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும், வாசிப்பான் குணசுந்தரியின் குரலில் படிக்கும்: "உங்கள் இரத்தச் சர்க்கரை அளவு." அப்புறம் ஓர் இடைவெளி. அப்புறம், "மில்லிகிராம்." அந்த இடைவெளிக்குள் என்ன எண் இருந்தது என்று தெரிந்தால்தான் எவ்வளவு இன்சுலின் என்பது தெரியும். இன்சுலின் பேனாவைத் திருகினால் ஒரு யூனிட்டுக்கு ஒரு கிளிக் கேட்கும், அதை எண்ணிப் போட்டுக்கொள்வது அவளுக்குப் பெரிய காரியமில்லை. எண்தான் வேண்டும். அதற்காகப் பக்கத்து வீட்டு லூர்துமேரியிடம் கைப்பேசியை நீட்டுவாள்.

"நூத்தி இருபதுதான் கண்ணு," என்பாள் லூர்துமேரி.

எல்லா நாளும் நூற்று இருபதுதான். பண்டிகைக்கு மறுநாளும் நூற்று இருபது, காய்ச்சலில் கிடந்தபோதும் நூற்று இருபது. விருத்தாம்பாளுக்குச் சந்தேகம் வந்தது. சென்னையில் நல்ல ஒலிப்பதிவுக்கூடம் இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்து எண்களைப் பதிவு செய்து கொடுத்தால் உயிர் பிழைப்பேன் என்று அவள் பட்டியலுக்கு ஒரு கடிதம் பேசி அனுப்பினாள். அதைப் படித்த பதினொரு பேருக்கும் மனசு இளகியது. யாராவது பதில் போடுவார்கள் என்று பதினொரு பேருமே நினைத்தார்கள். மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குள் தலையணை அளவுக்கு ஒரு கல் விழுந்தது. அடுத்த மாதமும் எழுதினாள், அடுத்த கல் விழுந்தது. பதினான்கு மாதம், பதினான்கு கல். காதை நம்பி வாழ்கிறவள் வீட்டில் அவை சத்தத்தைத் தின்றன. பால் பொங்குவது கேட்கவில்லை, பேனாவின் கிளிக் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக உருட்டிப்போய்த் தோட்டத்துப் பக்கம் தள்ளினாள்.

விதிப்படி கல் விழுந்தால் பணம் உண்டு என்று கேள்விப்பட்டு ஒரு கல்லை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு குணசுந்தரியிடம் போனாள். தினமும் தன் கைப்பேசிக்குள் பேசுகிற அதே குரல் நேரில் சொன்னது:

"நீங்க உறுப்பினர் இல்லையேம்மா. எங்க கடுதாசிக்கு நாங்க பதில் சொல்லாம இருந்தா அது சம்மதம். உங்க கடுதாசிக்குப் பதில் சொல்லாம இருந்தா, அது... பதில் சொல்லாம இருக்கறதுதாம்மா."

"ரெண்டு கல்லும் ஒண்ணாத்தானே இருக்கு டீச்சர்?"

"உங்கது பெரிசா இருக்கு. அதான் எனக்கும் பயமா இருக்கு."

குணசுந்தரி கெட்டவர் இல்லை. பிறகு ஒரு நாள் யாராவது கணக்குக் கேட்டால் எல்லோரும் தன்னைக் கைகாட்டிவிடக் கூடாதே என்ற பயம்தான் அவருக்கு. அந்தப் பயம் எத்தனை பேரைக் கொல்லும் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஆனி மாதத்தில் கம்பெனி நடையில் உடைந்து கிடந்த ஒரு பீங்கான் சில்லை விருத்தாம்பாள் மிதித்தாள். சர்க்கரையில் கால் மரத்துப்போயிருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. வாசலிலிருந்து தன் நாற்காலி வரைக்கும் சிவப்பாகக் கால்தடம் பதித்துக்கொண்டு போய் உட்கார்ந்து, "வணக்கம், யாரு பேசறீங்க?" என்று தொலைபேசியை எடுத்தவளைப் பார்த்து மற்றவர்கள்தான் அலறினார்கள். டாக்டர் காலைக் கட்டிவிட்டு, தினம் சர்க்கரை பார்ப்பதில்லையா என்று கேட்டார். பார்க்கிறேன் சார், நூற்று இருபது என்றாள். அவர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து, மூன்று மாதச் சராசரி அதைப்போல இரண்டு மடங்கு என்றார். இப்படியே போனால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

"எதுக்குக்கா பொய் சொன்னீங்க?" என்று வீட்டுக்கு வந்ததும் லூர்துமேரியிடம் கேட்டாள்.

லூர்துமேரி அழுதாள். "உன் மூஞ்சியப் பாத்துகிட்டு அந்த நம்பரச் சொல்ல எனக்கு வாய் வரலடி. சின்னப் பொண்ணு, தனியா இருக்க, எதுக்குக் காலங்காத்தால பயமுறுத்தணும்னு..."

அவளோடு சண்டை போட முடியவில்லை. கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை காலை விருத்தாம்பாள் எல்லோருக்கும் திறந்து கிடந்த பட்டியலின் கடிதங்களை முதலிலிருந்து கேட்கத் தொடங்கினாள். கண்ணால் படிக்கிறவர்கள் தாவிப் போகலாம், வாசிப்பானுக்குத் தாவத் தெரியாது; பதினாறு பத்தி என்றால் பதினாறையும் அது படித்தே தீரும். இப்படியாக, அந்த முப்பத்தேழு செலவுக் கடிதங்களையும் கடைசிவரை வாசித்த ஒரே ஆள் அவள்தான். எவ்வளவு என்பதுதான் அவளுக்குத் தெரியாது, என்னென்ன என்பது எல்லாம் தெரிந்துவிட்டது. விதியையும் ஒரு தடவை கேட்டாள். யாரும் மறுக்காவிட்டால் என்றுதான் இருந்தது, உறுப்பினர் மறுக்காவிட்டால் என்று இல்லை. மூன்று நாள் எப்போதோ போய்விட்டது, போனால் போகட்டும் என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரே சொல்லில் பதில் அனுப்பினாள்: மறுக்கிறேன்.

பதில் வந்த கடிதத்தின் கல் உடையும் என்பது அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. பதினொன்றே காலுக்குக் கல்யாண மண்டபத்தில், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரத்தில், ஒரு சித்தப்பாவின் நாற்காலிக்கு அடியில் பட்டென்று ஒரு கல் உடைந்து, அதற்குள்ளிருந்து தணிகைவேலின் குரல், "யோவ் அமலநாதா, ஒனக்கு எதுக்குய்யா சுத்துற நாற்காலி?" என்று கேட்டது. மாப்பிள்ளை பெயரும் அமலநாதன்தானோ என்று பெண் வீட்டார் விசாரிக்கத் தொடங்கினார்கள். கீழத்தெருவில் ஒரு தொட்டிலுக்கடியில், "ஆயிரம் டி-ஷர்ட்டா? போடறதுக்கு ஆளு பதினொண்ணுடா!" என்று அமலநாதன் குரல் கத்தியது, பிள்ளை வீறிட்டு அழுதது. ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடந்த வங்கிக்குள்ளே மேலாளர், "யாரும்மா வேணும்னு சொன்னது? யாரு? பேரச் சொல்லும்மா!" என்று கத்திக்கொண்டு மேஜையைத் தட்டுவதைக் கேட்டு, வெளியே உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்து சலாம் வைத்தார். மிக்ஸிகளும் சித்தப்பாக்களும் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டதில் ஊரே சந்தைக்கடையானது. சொல்லாமல் விட்ட எல்லாவற்றையும் ஒவ்வொரு கல்லும் பத்திரமாக வைத்திருந்தது.

பதினொரு பேரும் தலைதெறிக்க டயர் கடை மாடிக்கு ஓடினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசி நின்றார்கள். விருத்தாம்பாள் தன் பதினான்கு கற்களையும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஆள் வைத்து மேலே தூக்கச் சொன்னாள். அவை மட்டும் உடையாமல் இருந்தன.

"பணத்துல பாதிக்கு மேல போயிடுச்சும்மா," என்றார் தணிகைவேல். "மிச்சத்துலேருந்து சென்னை செலவுக்கு நாங்க இப்பவே..."

"எனக்கு முழுச் சம்மதம்," என்று குணசுந்தரி வேகமாக எழுந்தார். "இத்தனை நாளும் சொல்லாதது தப்பு. இப்ப எல்லார் முன்னாலயும் சொல்றேன், ச..."

"வாயை மூடுங்க டீச்சர்!" என்று கத்தினாள் விருத்தாம்பாள்.

குணசுந்தரி அப்படியே உட்கார்ந்தார்.

"மன்னிச்சுக்குங்க. நீங்க சரின்னு சொன்னா இந்தக் கல்லு ஒடைஞ்சிடும். ஒடைஞ்சா அமைதிக்கு நான் எங்க போவேன்? சென்னைக்கெல்லாம் வேணாம், ஒரு பைசா வேணாம். இதுங்களை ஜன்னலோரம் அடுக்குங்க, கதவுகிட்ட அடுக்குங்க. நடுவுல உக்காந்து எண்ணுங்களைச் சொல்லி முடிங்க. ரெண்டு நாளைக்கு யாரும் எனக்குப் பதில் சொல்லக் கூடாது. பதினாலு மாசம் இருந்தீங்க இல்ல, இன்னும் ரெண்டு நாள் இருக்க மாட்டீங்களா?"

அப்படித்தான் செய்தார்கள். பஸ் ஸ்டாண்டின் ஹாரன்களும், டயர் கடையின் காற்றடிக்கும் இயந்திரமும், பண்ருட்டி பண்ருட்டி என்ற கூவலும் ஜன்னல் வரைக்கும் வந்து கற்களுக்குள் காணாமல் போயின. நடுவில், அமலநாதனின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, எட்டு வருடத்துக்கு முன் மூடிய அதே மைக்கின் முன்னால் குணசுந்தரி பூஜ்யத்திலிருந்து தொடங்கினார். ஐம்பது வரைக்கும் கரும்பலகைக் குரலில் போனவர், நூற்றைம்பதைத் தாண்டியதும் குரலைத் தாழ்த்தினார், இருநூற்றுக்கு வந்ததும் துக்க வீட்டில் பேசுவதுபோல் பேசினார்.

எதிரே உட்கார்ந்திருந்த விருத்தாம்பாள் கையைத் தூக்கினாள். "டீச்சர், எந்த எண்ணுக்கும் பாவம் பாக்காதீங்க. எல்லாத்தையும் ஒரே மாதிரி சொல்லுங்க. எனக்கு அது போதும்."

குணசுந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி நூற்றிலிருந்து சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மாலை பதிவு முடிந்தது. பொருளாளர் குணசுந்தரி எழுந்து நின்று, பதினான்கு கடிதங்களுக்கும் சேர்த்து, "சரி," என்றார். பதினான்கு கற்களும் ஒரே நேரத்தில் உடைந்தன. அவற்றுக்குள்ளிருந்து கோபமோ கேலியோ வரவில்லை. "அப்புறம் பாக்கலாம்," என்றது தணிகைவேலின் குரல். "அப்புறம் பாக்கலாம்," என்றது அமலநாதனின் குரல். பதினொரு குரல்கள், பதினான்கு தடவை, அப்புறம் பாக்கலாம், அப்புறம் பாக்கலாம் என்று சொல்லி முடிக்க வெகு நேரம் ஆனது. அதுவரைக்கும் யாரும் தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இனிமேல் ஒவ்வொரு செலவுக் கடிதத்தையும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வாசிப்பான் தொகையோடு கடைசி வரி வரைக்கும் உரக்கப் படிக்கும், கேட்டுவிட்டு ஒவ்வொருவரும் பெயர் சொல்லி வேண்டும் அல்லது வேண்டாம் என்று சொல்ல வேண்டும், விருத்தாம்பாளும் சொல்லலாம் என்று அன்றைக்கே புது விதி எழுதினார்கள். பிறகு கனத்துப்போன மனசை ஆற்றிக்கொள்ள அமலநாதன் ஓடிப்போய் லட்டு வாங்கி வந்தான். புது விதியைப் பற்றிப் பேசிக்கொண்டே எல்லோரும் தின்றார்கள், லட்டு யார் செலவு என்று ஒருவரும் கேட்கவில்லை. சந்தோஷத்தில் விருத்தாம்பாளும் இரண்டு தின்றாள்.

மறுநாள் காலை அவள் விரலைக் குத்திக் கருவியில் வைத்தாள். "உங்கள் இரத்தச் சர்க்கரை அளவு," என்றது குணசுந்தரியின் குரல். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "முந்நூற்றுப் பன்னிரண்டு மில்லிகிராம்." எந்தப் பாவமும் பார்க்காத குரல். அவள் அதை மூன்று தடவை திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள், கேட்கக் கேட்கக் கண்ணில் தண்ணீர் வந்தது, இத்தனை அழகான சொல்லைக் கேட்டதில்லை என்றிருந்தது. உடனே பட்டியலுக்கு ஒரு கடிதம் அனுப்பினாள்: லட்டுச் செலவை மறுக்கிறேன், காரணம் முந்நூற்றுப் பன்னிரண்டு.

மதில் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் காலில் கட்டு விழுந்த நாளிலிருந்து உள்ளே வரக் கூச்சப்பட்டுக்கொண்டு, தினம் காலையில் லூர்துமேரி அங்கே வந்து நிற்பது வழக்கமாகியிருந்தது.

"எவ்வளவு கண்ணு?" என்று நடுங்கின குரலில் கேட்டாள்.

"நூத்தி இருபதுதான்க்கா," என்றாள் விருத்தாம்பாள். சொல்லிவிட்டு, முந்நூற்றுப் பன்னிரண்டுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த அளவை, ஒவ்வொரு கிளிக்காகக் காதால் எண்ணித் திருகத் தொடங்கினாள்.